முதுகுப் பக்கம்

குந்தும்மா, குந்து. கால நீட்டி வையி. ஸ்டூலு ஆடும், ஆனா வுழாது. சுளுக்குதான், ஒடையல. ஒடைஞ்ச எலும்பு எப்பிடி இருக்கும்னு எனுக்குத் தெரியும், நான் நெறைய பாத்துக்கீறேன். தோ, எளநி குடி. காசெல்லாம் வோணாம். இன்னா அப்பிடிப் பாக்குற? அருவாளையா? எளநிக் கடையில அருவா இல்லாம சீப்பா வச்சிருப்பாங்க?

உங்க டீச்சரம்மா இன்னிக்கு ஓடுனாங்களே ஓட்டம்! கொழாயடி வந்தா நின்னு பாட்டுப் பாடிட்டுத்தான போவாங்க மாசாமாசம்? இன்னிக்கு என்னப் பாத்தாங்க, அவ்ளோதான், மொத்தக் கும்பலையும் இஸ்துக்கினு அடுத்த சந்துல பூந்துட்டாங்க. நீ பின்னால ஓடி கால மடக்கிக்கின. இன்னா சொன்னாங்க ஃபோன்ல? ஆட்டோ அனுப்புறாங்களா? அவங்க வர மாட்டாங்களாமா? ம். பயம்.

பரவால்ல. ஆட்டோ வர்றதுக்குள்ள நான் சொல்றதக் கேளு. கேட்டுட்டு டீச்சராண்ட ஒரு விசயம் சொல்லணும் நீ. அடுத்த மாசத்துலேர்ந்து எங்க தெருவ வுட்டுட்டுப் போறதாப் பேசிக்கிறாங்களாம். டீக்கடையில சொன்னாங்க. அதப் பத்திதான். இன்னா சொல்லணும்னு கடசீல சொல்றேன். மொதல்ல என் பக்கத்து நாயத்தக் கேளு. யாரும் கேக்குறதில்ல.

உங்க நடைக்கு என்னமோ பேரு வச்சிக்கீறீங்களே, ஆங், பாட்டு நடை. மொதல்ல படிப்பகம். அப்பால நாடகக் கொட்டா இருந்த எடம், இப்ப அங்க செல்ஃபோன் கடை. அப்பால பாட்டுப் புக்கு அச்சடிச்ச பிரஸ்ஸு, அங்க ஆளில்ல, பூனதான் குட்டி போட்டுக்கீது. அதுக்கு அப்பால கொழாயடி. அதாவது நான். செத்துப்போன கவிஞர் வூட்டெல்லாம் பாத்துட்டு வந்து, உயிரோட எளநி வெட்டிக்கினு கீறவனப் பாத்து, இந்த எடத்துலதான் எத்திராஜத் தேசப்பன் போட்டான்னு சொல்லி, அந்தப் பாட்டப் பாடுறீங்க. வாய்மொழி எலக்கியமாம். டீச்சரு சொல்லுவாங்க, எல்லாரும் தலையாட்டுவீங்க. நான்தாம்மா தேசப்பன். தெரியும்ல? தெரிஞ்சதாலதான் எளநி தொண்டைல எறங்கல உனுக்கு. குடி, குடி. நல்ல வழுக்க.

கும்பல்ல கடசியா தோள்ல டோலக்கு மாட்டிக்கினு தலயக் குனிஞ்சிக்கினு போச்சே ஒரு பொண்ணு, ஊதா சுடிதாரு? அது என் பொண்ணு, வெண்ணிலா. வூட்ட வுட்டுப் போயிட்ச்சி. அவ அம்மா போனப்புறம் நான் ஒண்டியா வளத்த பொண்ணு. இப்ப எவளோ ஒரு ஃபிரெண்டு கூட ரூம் எடுத்துத் தங்கிக்கீது. ஃபோன் பண்ணா எடுக்குறதில்ல. மாசம் ஒருவாட்டி இந்த நடை வந்தாத்தான் அது மூஞ்சியப் பாக்குறது. அதுவும் வந்து நின்னு, என் மூஞ்சிக்கு நேரா, எங்கப்பன் கொலகாரன்னு டோலக்கு அடிக்கும்.

கொலகாரன்னு பாடட்டும்மா. அதுல எனுக்குக் கோவம் இல்ல. போட்டேன், உள்ள போனேன், கஞ்சி குடிச்சேன், வெளிய வந்தேன். என் சண்ட ஒரே ஒரு வரிக்குத்தான். கேளு.

*தேசப்பன் வந்தாண்டா தெருக்கோடிப் பக்கம்*
*பேசாம போட்டாண்டா முதுகுப் பக்கம்.*

முதுகுப் பக்கம்! நானு! யம்மா, இந்த ஏரியால எவன வேணா கேளு, தேசப்பன் நேருக்கு நேரா நிப்பான். ஒளிஞ்சி நின்னு குத்துறது, தூங்குறவன் மேல கல்லப் போடுறது, அதெல்லாம் பேமானிப் பசங்க வேல.

நடந்தத அப்பிடியே சொல்றேன். எத்திராஜு கோணி யாவாரம். என் தோஸ்துதான். ஒரே தட்டுல துன்னவங்க நாங்க. கேரம் கிளப்புல ஆடிக்கினு இருந்தோம். நான் செவப்புக் காயின வெரலால தள்ளுனேன்னு சொன்னான். தள்ளுனேன்தான். எல்லாருந்தான் தள்ளுவாங்க. அதுக்கு எல்லார் முன்னாடியும் செருப்பக் கழட்டி அடிப்பானா? கன்னத்துல. அந்தச் செருப்புல சாணி ஒட்டிக்கினு இருந்துச்சும்மா. சிரிச்சாங்க எல்லாரும். நான் மூஞ்சியத் தொடச்சிக்கினு வந்துட்டேன்.

மறுநாள் காலைல கொழாயடிக்கு வந்தான். தோ, அதே கொழாதான், அப்ப அடிபம்பு. குனிஞ்சி மூஞ்சி கழுவிக்கினு இருந்தான். கண்ணு மூஞ்சியெல்லாம் சோப்பு. நான் தெருக்கோடிலேர்ந்து வந்தேன். அது கரெக்ட்டு, பாட்டுல கரெக்ட்டாத்தான் கீது. கிட்ட வந்து, "டேய் எத்திராஜு"ன்னேன். திரும்புனான். திரும்புனா முன்னாடிதான? முன்னாடிதான் வெட்னேன். கழுத்துல ஒண்ணு, தோள்ல ஒண்ணு, கைய வச்சித் தடுத்தான், கை போச்சு. பக்கெட்டு கவுந்து தண்ணி செவப்பா ஓடுது, பொம்பளைங்க கொடத்தப் போட்டுட்டு ஓடுறாங்க. "தேசப்பா, தேசப்பா"ன்னுதான் சொன்னான், வேற ஒண்ணியும் சொல்லல. என்னப் பாத்துக்கினுதான் செத்தான்! பாக்கலன்னா என் பேரு எப்பிடி வரும் வாயில?

இன்னா? மொத வெட்டா? மொத வெட்டு தோள்பட்டைக்குப் பின்னாடி. அது வெட்டே இல்லம்மா, சும்மா கூப்புட்ற மாரி. அவன் திரும்பணும் இல்ல? சோப்புப் போட்டுக்கினு கீறவனுக்குக் காது எப்பிடிக் கேக்கும்? அத்தப் போய் கணக்குல சேப்பாங்களா?

அங்கதான் சேத்தான் சவரி.

சவரி பாட்டுக்காரன். எங்க தெருவுல எந்தச் சாவு வுழுந்தாலும் அவன்தான் பாடுவான். சாவு வூட்டுப் பாட்டுக்கு எங்க பக்கம் ஒரு வழக்கம் கீது. செத்தவன் பேரு வரணும், அவன் அப்பன் பேரு வரணும், தெருப் பேரு வரணும். கொன்னவன் பேரு மட்டும் வரக்கூடாது. வந்தா, அந்தப் பொணத்த எடுக்குறதுக்கு முன்னாடியே இன்னொரு பொணம் வுழும், பாரு. அத்தொட்டு எத்திராஜு சாவுக்கு சவரி ஒயுங்காத்தான் பாடுனான். "யாரு வச்ச கத்தியோ, யாரு விட்ட சாபமோ, பாரு எங்க அண்ணனுக்குப் பாதி மீச நரைக்கல"ன்னு. சோக்காக் கீதுல்ல? அந்த மீச வரி எனுக்கே புடிக்கும். மெய்யாலுமே நரைக்கல அவனுக்கு.

நான் அப்ப செங்குன்றத்துல சித்தி வூட்ல பதுங்கிக்கினு கீறேன். மீன் விக்கிறவன் ஒர்த்தன் தெருவுல இந்தப் பாட்டப் பாடிக்கினு போறான். அவ்ளோ தூரம் வந்துட்ச்சி பாட்டு! எனுக்கு ஒரே பேஜாராப் பூட்ச்சி. யாரு வச்ச கத்தியோன்னா இன்னா அர்த்தம்? எவனோ ஒரு சோமாரி வந்து, நான்தான் வச்சேன்னு உதார் வுட்டுக்கினு திரிஞ்சா? செருப்படி வாங்குனது நானு. போட்டது நானு. பேரு எவனுக்கோவா?

சித்தி கைய புட்ச்சி இஸ்துச்சி, போவாதடா போலீசு கீதுன்னு. கேக்கல. நேரா சவரி வூட்டுக்கு வந்து நின்னேன். "என் பேரப் போட்டுப் பாடுறா"ன்னேன்.

அவன் சொன்னான், "வோணாம் தேசப்பா, பேரு பாட்டுல ஏறிச்சின்னா அப்பால எறங்காது."

"ஏத்துறா"ன்னு கத்திய அவன் தொண்ட மேல வச்சேன். அவன் பொண்டாட்டி கொயந்தயத் தூக்கிக்கினு மூலைல குந்திக்கினு ஒரே அழுவ. சவரி எச்சி முழுங்குனான், கத்தி மேலயும் கீழயும் போச்சு. பாடுனான். "தேசப்பன் வந்தாண்டா தெருக்கோடிப் பக்கம்." அய்ய, அப்பிடி இருந்துச்சும்மா அது! மயிரு கூச்செறிஞ்சிச்சி. சபாஷுன்னு முதுகுல தட்டிக் கொடுத்துட்டு வந்துட்டேன்.

ரெண்டாவது வரிய நான் போனப்புறம் போட்டுக்கீறான் பேமானி.

ஒரு வாரத்துல ஏரியா பூரா என் பேரு. கொழாயடில பாத்த பொம்பளைங்க அதுவரைக்கும் ஒண்ணியும் தெரியாதுன்னு சாதிச்சிக்கினு இருந்தாங்க. பாட்டே சொல்லுதேன்னு தைரியம் வந்துட்ச்சி, கோர்ட்ல வரிசையா நின்னு சொன்னாங்க, ஆமா இவன்தான், பின்னாலேர்ந்துதான்னு. பாட்டக் கேட்டுட்டு வந்து சொல்றாங்கம்மா! சொந்தக் கண்ணால பாத்தத வுட்டுட்டு!

சரி, ஜெயிலுக்குப் போனா அங்கயும் பாடுறானுங்க. சோத்து வரிசைல எனுக்குப் பின்னால நின்னுக்கினு ஒர்த்தன் மெதுவா ம்ம் ம்ம்னான். அலுமினியத் தட்டால வாயிலயே குத்துனேன். முன்பல்லு சோத்துல வுழுந்துச்சி. வெளிய வந்து பாக்கறேன், அதுக்கும் ஒரு அடி போட்டுக்கீறான் சவரி. "தட்டுல சோறு, சோத்துல பல்லு"ன்னு. எவன் வந்து அவனுக்குச் சொல்றது இதெல்லாம்?

கோவம் வருமா வராதா சொல்லு. கல்யாணம் கட்டிக்கினேன், ஒயுங்கா எளநிக் கட போட்டேன், பொண்ணு பொறந்துச்சு. மனுசன் வாழ வோணாவா? சவரியாண்ட போயி நல்லபடியாத்தான் கேட்டேன். "அந்த ஒரு வரிய மாத்துறா, முன்னாடின்னு பாடு, எனுக்கு வேற ஒண்ணியும் வோணாம்"னேன். சிரிச்சான். "நான் மாத்துனா ஜனங்க மாத்துமா?"ன்னான். டோலக்கு அடிக்கிற கையப் புட்ச்சி அம்மிக்கல்லு மேல வச்சேன். கொழவியால, ஒவ்வொரு வெரலா. சுள்ளி ஒடிக்கிற மாரி சத்தம் வரும், சொன்னேன்ல, எனுக்குத் தெரியும்னு. கட்ட வெரல வுட்டுட்டேன். அவனும் சோறு துன்னணும் இல்ல? பாவம் பாத்தேன்.

வந்துட்ச்சிம்மா அடுத்த அடி! "வெரல ஒடிச்ச தேசப்பனுக்குக் கொரல ஒடிக்கத் தெரியல."

டீக்கட அருளு கிளாஸ் கழுவிக்கினே அந்த அடியப் பாடுனான். கொதிக்கிற டிக்காசன எடுத்து அவன் கையில ஊத்துனேன். தோல் கையொற மாரி கழண்டுச்சி. பாட்டுல டிக்காசன் வந்துட்ச்சி. ஸ்கூல் பசங்க பாடுனானுங்க, ஒர்த்தனத் தூக்கி சாக்கடைல கடாசுனேன், அதுவும் வந்துட்ச்சி. சவரி செத்தான். அப்பாடா, ஒயிஞ்சிதுன்னு பாத்தா, அவன் சாவுல எவனோ பாடுறான், மொத்தமும், மொதல்லேர்ந்து கடசி வரைக்கும். எப்பிடித்தான் வளருதோ இந்தப் பாட்டு. எனுக்கு ஒண்ணியும் புரியல. நான் ஒர்த்தன் மேலயும் சும்மா கைய வச்சதில்ல, பாடுனவன் மேலதான் வச்சேன். நிறுத்தணும்னுதான பாக்குறேன்? நானே வளப்பனா?

உங்க டீச்சரு எல்லா அடியும் சேத்து வச்சிக்கீறாங்க போலக் கீது. ஆனா தாளம் தப்பு. "டிக்காசன்"ற எடத்துல இஸ்துப் பாடணும், அவங்க முழுங்குறாங்க. சொல்லு அவங்களாண்ட.

வெண்ணிலா... இரு. இன்னொரு எளநி வெட்றேன். வோணாவா? எனுக்கு வெட்டிக்கிறேன்.

அதுக்குக் கொரலு நல்லா இருக்கும். அவ அம்மா மாரி. என்னாண்ட உசிரா இருக்கும். காலைல எளநி லோடு வந்தா அதுதான் எண்ணி எறக்கும், காலேஜுக்குப் போறதுக்கு முன்னாடி. சாயந்தரம் நான் குளிச்சிட்டு வந்தா முதுகு தேச்சி வுடும், உப்பளத்துல பொரண்டுட்டு வந்தியா நைனான்னு கேக்கும். காலேஜுல எவனோ சொல்லிக்கீறான், உங்க தெருவுல ஒரு பாட்டு கீதே, அது கானா, அது எலக்கியம்னு. என் பேரு வர்ற வரிய வுட்டுட்டு ரெண்டாவது வரிய மட்டும் பாடிக் காட்டிக்கீறான். அதுக்குத் தெரியாதும்மா. அது காதுல வுழாமத்தான் வளத்தேன். இத்தன பேரு கை கால ஒடிச்சதெல்லாம் எதுக்கு? அது காதுல வுழக்கூடாதுன்னுதான்.

ஒருநாள் வூட்டுக்குள்ள வரேன். ஸ்டவ்வாண்ட நின்னுக்கினு பால் காச்சுது. அது பாட்டுக்குப் பாடுது. "பேசாம போட்டாண்டா முதுகுப் பக்கம்." மெதுவா, தாலாட்டு மாரி. ஒரு கையால ஸ்டவ் மேல தாளம் போட்டுக்கினு. எனுக்கு எத்திராஜே வூட்டுக்குள்ள வந்து நிக்கிற மாரி ஆயிட்ச்சி. ஒரு அடி. கையாலதான் அடிச்சேன், அருவாளாலயா அடிச்சேன்? காது மேல பட்ருச்சி. மூஞ்சி போயி ஸ்டவ்வுல மோதிச்சி, பால் மேல கொட்டிச்சி. காதுலேர்ந்து ரத்தம், மெல்லிசா, கழுத்து வழியா எறங்குது. என்னத் திரும்பிப் பாத்துச்சும்மா. "நைனா, நான் உன்னப் பத்தின்னு தெரியாமதான் பாடுனேன்"னுச்சு. அவ்ளோதான் சொல்லுச்சி.

டாக்டரு பாத்துட்டுச் சவ்வு கிழிஞ்சி போச்சு, அந்தக் காது இனிமே கேக்காதுன்னுட்டாரு.

அப்பால போயிட்ச்சி.

அது ஸ்டவ்வப் பாத்து நின்னுக்கினு இருந்துச்சி. அதுக்கு நான் இன்னாம்மா பண்றது? என் பக்கம் திரும்பி நின்னிருந்தா அடிச்சிருப்பனா? மூஞ்சியப் பாத்தா எனுக்குக் கை வராது. அது மூஞ்சிய நான் எப்பவும் அடிச்சதில்ல. யாரு மூஞ்சியயும்...

வுடு.

போன மாசம் நீ வந்தியா நடைக்கு? வரல? அன்னிக்கு அது புதுசா ஒரு அடி பாடுச்சி. அதுவே கட்டுனது. டோலக்க வயித்துக்கு நேராப் புட்ச்சிக்கினு, கேக்காத காத என் பக்கம் வச்சிக்கினு.

*பெத்த அப்பன் அடிச்சதுக்குப் பேரு என்ன சொல்லுவேன்*
*ஒத்தக் காதில் கேக்குறேன், முதுகுப் பக்கம் பாக்குறேன்.*

கும்பல் கை தட்டுச்சி. நான் கேக்கத்தான் போனேன், ஏன் கண்ணு இப்பிடிப் பாடுறன்னு. கையில அருவா இருந்துச்சு, அது தொழிலு, கைய வுட்டு எறங்காது. டீச்சரு அந்த ஸ்பீக்கர் பொட்டியத் தூக்கிக் குறுக்க காட்னாங்க. வெட்டிட்டேன். ரெண்டா போச்சு. எல்லாரும் கத்திக்கினு ஓடுனாங்க. அது மட்டும் ஓடல. என்னப் பாத்துச்சி. அப்பால மெதுவா முதுகக் காட்டித் திரும்பி நின்னுச்சி. நின்னுக்கினே இருந்துச்சும்மா. வெட்டிக்கோன்ற மாரி. அருவா கையில, நான் நிக்கிறேன், அது நிக்குது. அப்பால டோலக்கு தோள்ல மாட்டிக்கினு போயிட்ச்சி.

அன்னிலேர்ந்து சோறு எறங்கல. மெய்யா சொல்றேன்.

அதான் சொல்ல வந்தது. டீச்சராண்ட சொல்லு, இந்தத் தெருவ வுட்டுடக்கூடாதுன்னு. வரச் சொல்லு. அந்த வரிய மாத்த வோணாம். முதுகுப் பக்கம்னே பாடட்டும், நல்லாக் கத்திப் பாடட்டும், டிக்காசன் அடியும் பாடட்டும், அது கட்டுன அடியும் பாடட்டும். நான் அன்னிக்குக் கட போட மாட்டேன். அருவாள வூட்ல வச்சிப் பூட்டிட்டு, தோ இந்தச் சொவத்தப் பாத்துத் திரும்பி நின்னுக்கறேன். என் மூஞ்சியப் பாக்க வோணாம் அது. வந்து நிக்கட்டும், பாடட்டும், போவட்டும். இந்தத் தெருவையும் வுட்டுட்டா, அப்பால எப்பம்மா நான் அது கொரலக் கேப்பேன்? சொல்லுவியா? சத்தியமா?

ஆட்டோ வந்துட்ச்சி பாரு. எந்திரி, மெதுவா. என் தோளப் புட்ச்சிக்கோ.

யாரு அது உள்ள?

டீச்சரா? இல்ல. ஊதா.

அய்யோ. அத்த அனுப்பிட்டாங்களா? இரும்மா, கைய வுடு. நான் திரும்பிக்கிறேன். சொன்னேன்ல, சொன்ன சொல்லு. தோ, சொவத்துப் பக்கம் திரும்பிட்டேன். நீ போம்மா. கூட்டிக்கினு போவ வந்துக்கீது, போ.

எறங்கிட்ச்சா? செருப்புச் சத்தம் கேக்குது. ஏன் நிக்கிது? டோலக்கு வச்சிக்கினு கீதா கையில?

அருவா அங்கதான் எளநி மேல கீது, எனுக்குப் பின்னால. எடுத்து வைக்க மறந்துட்டேன். கெடக்கட்டும். நான் திரும்ப மாட்டேன். இன்னா பண்ணாலும் திரும்ப மாட்டேன்னு சொல்லு அதாண்ட.

கிட்ட வந்துட்ச்சா? இன்னா பண்ணுது? வாயத் தொறந்து சொல்லேம்மா. எனுக்குப் பின்னால நடக்குறது எனுக்கு எப்பிடித் தெரியும்?